பெயர் வைக்க முதல் பிரதி எடுங்கள்

மட்டக்களப்பு வந்தாறுமூலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பாடசாலைகளில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய கொம்பியூட்டர்களுக்கென்று ஒரு லினக்ஸ் வழங்கலைத் தமிழில் ஒழுங்கு செய்திருக்கிறார்கள். வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. இப்போது பெயருக்குத்தான் அடிபிடி. 'மட்டு ஓஎஸ்' என்று ஒரு கூட்டம், 'மீன்மகள்' என்று இன்னொரு கூட்டம். நியாயம் கேட்டு என்னிடம் வந்தார்கள். பிளொப்பிக் காலம் தொட்டு இந்தச் சாமானைப் பிரதி எடுத்து ஊர் ஊராகக் கொடுத்தவன் நான். அந்த உரிமையில் சிலதைச் சொல்லலாம். ஞாபகம் வந்த ஒழுங்கில் எண் போட்டிருக்கிறேன்.

1. பெயர்ச் சண்டையை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். அதற்கிடையில் பிரதி எடுத்து நாலு பேர் கையில் கொடுங்கள்.

லினக்ஸ் என்ற பெயரை அதைச் செய்தவர் வைக்கவில்லை மனே. 1991 ஓகஸ்ட் 25இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் பாவிக்கிற ஆட்களுக்குத் தான் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அப்போது அவருக்கு 21 வயது. பொழுதுபோக்குத்தான், பெரிதாக வராது என்று தானே தாழ்த்தியும் சொல்லிக்கொண்டார். அவர் மனதில் இருந்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. கட்டற்றது, கிறுக்கு, யுனிக்ஸின் கடைசி எழுத்து என்று மூன்றையும் குழைத்த பெயர். 'லினக்ஸ்' என்பதும் அவருக்குத் தோன்றாமல் இல்லை. தன் பெயரைத் தானே வைப்பது தலைக்கனமாகத் தெரியும் என்று ஒதுக்கிவிட்டார்.

செப்டெம்பரில் 0.01 பதிப்பு தயார். அதை மற்றவர்கள் எடுத்துப் போக ஓர் இடம் வேண்டும். ஃபின்லாந்துப் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பு ஃபுநெட். அதன் கோப்புச் சேவையகத்தைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் அரி லெம்கே, ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரர். அவர் இடம் கொடுத்தார். 'ஃப்ரீக்ஸ்' அவருக்குப் பிடிக்கவில்லை. எழுதியவரைக் கேட்காமலே கோப்புறைக்கு 'லினக்ஸ்' என்று பெயர் போட்டுவிட்டார். எடுத்தவர்கள் எல்லோரும் அந்தக் கோப்புறையின் பெயரோடேயே எடுத்துப் போனார்கள். 0.01இன் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள், 'ஃப்ரீக்ஸ்' இன்னும் அங்கே கிடக்கும். அது அங்கே கிடப்பது தெரிந்த ஆட்களே குறைவு.

நீங்கள் மூன்று கிழமையாக மண்டையை உடைக்கிற பெயரைக் கடைசியில் தீர்மானிக்கப் போவது, உங்கள் பென் டிரைவை வாங்கிப் பாடசாலை ஆய்வுகூடத்தில் கோப்புறை திறக்கிற ஒரு ஆசிரியராகவும் இருக்கலாம். அவர் என்ன பெயர் போடுகிறார் என்று போய்ப் பாருங்கள். உங்கள் இரண்டு கூட்டத்தின் பெயரையும் விட அது நன்றாக இருந்தால் வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. 'காசு வாங்கக் கூடாது' என்று உரிமத்தில் எழுதாதீர்கள்.

நீங்கள் எழுதி வைத்த உரிமத்தை வாசித்தேன். யாரும் இதை ஒரு சதத்துக்கும் விற்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. நல்ல மனதோடு எழுதியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. டோர்வால்ட்ஸும் அதே நல்ல மனதோடு அதையே எழுதினார். மூலநிரலோடு முழுதாகக் கொடுக்க வேண்டும், காசு வாங்கக் கூடாது, பிரதி எடுக்கும் செலவைக்கூட வாங்கக் கூடாது என்பதுதான் லினக்ஸின் முதல் உரிமம். என்ன நடந்தது? கொம்பியூட்டர்ச் சந்திப்புகளில் பிளொப்பி பிரதி எடுத்துக் கொடுக்க விரும்பியவர்கள் மாட்டுப்பட்டார்கள். பிளொப்பிக்கு விலை இருக்கிறது, தபாலுக்கு விலை இருக்கிறது. அதை யார் தலையில் கட்டுவது? 1992 ஜனவரியில் 0.12 பதிப்போடு, குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பொது உரிமத்துக்கு மாறப் போவதாக அறிவித்தார். பெப்ரவரி 1 தொடக்கம் அந்த மாற்றம். அதன் பிறகுதான் இறுவட்டு வியாபாரிகள் உள்ளே வந்தார்கள், உலகம் முழுக்கப் பரவியது.

அந்தப் பொது உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர் இல்லை. 1985இல் ஈமாக்ஸ் நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டொலருக்கு விற்றார். வாங்கியவர் அதைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குச் சும்மா கொடுக்கலாம், மாற்றலாம், திரும்ப விற்கலாம். ஒன்றுக்கும் தடை இல்லை.

டவுனில் ஒரு கடைக்காரர் உங்கள் வழங்கலைப் பென் டிரைவில் போட்டு, டிரைவின் விலைக்கு மேல் ஐம்பது ரூபா வைத்து வாகரைக்காரருக்கு விற்கட்டும். வாகரைக்கு நீங்கள் போகப் போகிறீர்களா? பஸ் காசு யார் தருவது?

3. மூலநிரலை அதே டிரைவில் போடுங்கள். 'கேட்டால் அனுப்புவோம்' என்று எழுதி வைத்தால் மூன்று வருசத்துக்கு அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்கிறது பொது உரிமத்தின் 2ஆம் பதிப்பு. மூன்று வருசத்தில் உங்களில் யார் எந்த நாட்டில் இருப்பீர்களோ தெரியாது.

4. லேபலில் பெயர், பதிப்பு, தேதி மூன்றும் இருக்க வேண்டும். மூன்று மொழியிலும்.

இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். யுத்த காலத்தில் வாவியைக் கடந்து ஒரு இறுவட்டைக் கொண்டு போனவனுக்கு அப்படித் தெரியாது. வெள்ளையாக, ஒன்றும் எழுதாத இறுவட்டு என்றால் சோதனைச் சாவடியில் முதல் கேள்வியே 'இதுக்குள்ள என்ன?' என்பதுதான். இயங்குதளம் என்று சொன்னால் அடுத்த கேள்வி இன்னும் மோசமாக வரும். மார்க்கர் பேனையால் பெரிய எழுத்தில் சிங்களம், தமிழ், இங்கிலிஷ் மூன்றிலும் 'பாடசாலைக் கொம்பியூட்டர் பாடம்' என்றும், கீழே லினக்ஸ் என்றும் எழுதி வைத்தால், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள்.

2005 அளவில் உபுண்டுக்காரர் இறுவட்டுகளைச் சும்மாவே அனுப்பத் தொடங்கினார்கள். தபால் செலவும் அவர்களுடையது. அச்சடித்த வர்ண உறைக்குள் வரும். உறையில் சிரிக்கிற முகங்கள். அதைக் கண்டால் யாரும் சந்தேகப்பட்டதில்லை. அதிபர்மார் கூடக் கையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க மனமில்லாமல். 2011 ஏப்ரலில் அந்தச் சேவையை நிறுத்தினார்கள். அதற்குள் இங்கே எத்தனையோ பிள்ளைகளின் முதல் லினக்ஸ் அந்த உறைக்குள் இருந்துதான் வந்தது. அந்த இறுவட்டின் உள்ளடக்கம் இணையத்தில் எல்லோருக்கும் கிடந்ததுதான். ஆனால் எங்களுடைய டயல்-அப்பில் 700 எம்பியை இறக்கி முடிக்கிறதற்குள் கரண்ட் போய்விடும்.

இன்றைக்குச் சாவடி இல்லை. ஆனால் மண்டூர்ப் பாதையில் (வெளியூராருக்குச் சொல்வதென்றால், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் மோட்டார் சைக்கிளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை) ஒருவரிடம் டிரைவைக் கொடுத்தனுப்பும்போது, கையில் வாங்குகிறவருக்கு அது என்ன என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வீட்டுக்குப் போனதும் அதில் சினிமாப் படம் ஏற்றிவிடுவார்கள், சொல்லிவிட்டேன்.

5. முடியாததை முடிந்தது போல வெளியில் விடாதீர்கள். நீங்கள் விடாவிட்டாலும் மற்றவர் விடுவார், அதற்கும் சேர்த்து வழி செய்யுங்கள்.

டெபியன் என்ற வழங்கலுக்கு 1.0 என்ற பதிப்பு இல்லை, தெரியுமா? 1995 டிசெம்பரில் இன்ஃபோமாஜிக் என்ற இறுவட்டு விற்பனை நிறுவனம், டெபியன்காரர் இன்னும் வேலை செய்துகொண்டிருந்த கோப்புறையை அப்படியே எடுத்து, 'டெபியன் 1.0' என்று இறுவட்டில் அடித்து விற்றுவிட்டது. கெட்ட எண்ணத்தில் இல்லை. கோப்புறையின் பெயர் 1.0 என்று இருந்தது, அதைக் கண்டு ஆயத்தம் என்று நினைத்துவிட்டார்கள். வாங்கினவர்களுக்கு ஒழுங்காக ஓடவில்லை. டெபியன்காரரும் அந்த நிறுவனமும் சேர்ந்து, இது சரியான வெளியீடு இல்லை என்று அறிவிக்க வேண்டி வந்தது. குழப்பத்தைத் தவிர்க்க அந்த எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்று வெளியிட்டார்கள்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. வேலை நடக்கிற கோப்புறைக்கு எண் போடுவதில்லை, செல்லப் பெயர்தான். 1.1க்கு 'பஸ்'. 'டோய் ஸ்டோரி' படத்துப் பொம்மையின் பெயர். அப்போது டெபியனை நடத்திய புரூஸ் பெரன்ஸ் அந்தப் படத்தை எடுத்த பிக்ஸாரில் வேலை செய்தவர். இன்றுவரை டெபியன் வெளியீடுகளுக்கு அந்தப் படங்களின் பாத்திரங்கள்தான் பெயர்.

உங்களுக்குப் பொம்மைப் படம் தேவையில்லை. வாவியில் மீனுக்கா பஞ்சம்? கொடுவா, மணலை, திரளி, கெளுத்தி என்று வைத்துக்கொண்டு போங்கள். வேலை முடியும்வரை 'திரளி'. முடிந்த அன்றைக்குத்தான் எண். 'திரளி' என்று எழுதிய ஒன்றை எந்த வலயக் கல்விப் பணிமனையும் முடிந்த பதிப்பு என்று நினைத்துப் பாடசாலைகளுக்கு அனுப்பாது.

எண்ணிலும் கெட்டித்தனம் காட்டாதீர்கள். ஸ்லாக்வேர் 1999இல் 4இலிருந்து நேரே 7க்குத் தாவியது. மற்ற வழங்கல்கள் 6இல் நின்றதைக் கண்டு, நீங்கள் ஏன் பின்தங்கி நிற்கிறீர்கள் என்று ஆட்கள் கேட்ட கேள்விதான் காரணம். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அதை நடத்திய பற்றிக் வோல்கர்டிங்குக்கு அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி எழுதி அலுத்திருக்கும்.

6. காதலியின் பெயர் வேண்டாம்.

சிரிக்காதீர்கள், உங்களில் ஒருவர் கோப்பு ஒன்றுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று நான் பார்த்தேன். இயன் மேர்டொக் 1993 ஓகஸ்டில் டெபியனை அறிவித்தபோது தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டினார். பிறகு கலியாணம் முடித்தார்கள், பிறகு பிரிந்தார்கள். பெயர் மட்டும் ஒட்டினபடியே நிற்கிறது. ஸ்டால்மனும் குனூவின் கேர்னலுக்குத் தன் காதலி அலிக்ஸின் பெயரை வைக்க நினைத்தவர்தான். அதில் வேலை செய்தவர் 'ஹேர்ட்' என்ற பெயரை விரும்பினார், அலிக்ஸ் உள்ளே ஒரு மூலைக்குப் போனது.

7. அடுத்தவரின் பெயரை எடுக்காதீர்கள். உங்கள் பெயரை அடுத்தவர் எடுக்க விடாதீர்கள்.

நிரல் கட்டற்றது, பெயர் அப்படியில்லை. இதைப் புதிய ஆட்கள் லேசில் நம்புவதில்லை. உபுண்டுவை எடுத்து நீங்கள் எப்படியும் மாற்றலாம். ஆனால் மாற்றியதை 'உபுண்டு மட்டக்களப்பு' என்று கூப்பிட அவர்களைக் கேட்க வேண்டும். 2006இல் டெபியனுக்கும் ஃபயர்பொக்ஸ் உலாவியின் உரிமையாளருக்கும் பெயர், சின்னம் பற்றி வாக்குவாதம் வந்து, டெபியன் அதே உலாவியை 'ஐஸ்வீசல்' என்ற பெயரில் கொடுத்தது. 2016இல்தான் பழைய பெயர் திரும்பியது. பத்து வருசம் பாவனையாளர் 'ஃபயர்பொக்ஸ் எங்கே?' என்று தேடினார்கள்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. 1994இல் வில்லியம் டெல்லா குரோச் என்றொருவர், லினக்ஸுக்கு ஒரு வரியும் எழுதாதவர், அமெரிக்காவில் 'லினக்ஸ்' என்ற பெயரைத் தன் வணிகக் குறியாகப் பதிய விண்ணப்பித்தார். பதிவு கிடைத்த பிறகு, 1996இல் லினக்ஸ் விற்பவர்களிடம் பத்து வீதம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். வழக்குப் போட்டு, 1997இல் பெயர் டோர்வால்ட்ஸின் கைக்கு வந்தது. சும்மா கொடுத்த சாமான் என்பதால் அதன் பெயரை யாரும் தூக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஊர்ப் பெயரைப் பற்றியும் கேட்டீர்கள். கண்டிப் பக்கத்து மலையின் பெயரை வைத்து 'ஹந்தானை லினக்ஸ்' என்று ஒன்று செய்தார்கள், அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடிப் பிள்ளைகளும் தங்களுடையது என்று திறக்கக்கூடிய பெயராக இருக்க வேண்டும். கோயிலில் இருந்தும் பெயர் எடுக்க வேண்டாம், அதற்கும் இதுதான் காரணம். சுனாமி நாட்களில், 2004 டிசெம்பருக்குப் பிறகு, கொழும்பில் தொண்டர்கள் இரவு பகலாக எழுதிய நிவாரண மென்பொருளுக்கு 'சகன' என்று பெயர். நாவலடியும் கல்லாறும் அழிந்து கிடந்தபோது எழுதத் தொடங்கியது, அடுத்த வருசம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் போனது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. பெயர் சின்னதாக இருந்தது, எந்த ஊரையும் ஒட்டிக்கொள்ளவில்லை.

குனூ/லினக்ஸா, லினக்ஸா என்ற வழக்கும் உங்களிடம் ஓடுகிறதாம். 1983இல் ஸ்டால்மன் குனூவை அறிவித்தபோது டோர்வால்ட்ஸுக்கு 13 வயது. நீங்கள் பாவிக்கிற தொகுப்பி, கட்டளைக் கூடு, உள்ளே இருக்கிற முக்கால்வாசிச் சின்னக் கருவிகள் அந்தப் பக்கத்தில் இருந்து வந்தவை. முதல் திரையில் ஒருதரம் 'குனூ/லினக்ஸ்' என்று எழுதுங்கள், எந்த வழங்கலில் இருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பேச்சில் எப்படியும் சொல்லலாம்கா.

8. தமிழ் விசைப்பலகையைப் பற்றி முதல் திரையிலேயே கேளுங்கள்.

நீங்கள் ஒலிப்பு முறையைத் தெரிவு செய்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் வயதுக்கு அது லேசு. பாடசாலைக் காரியாலயத்தில் கடிதம் அடிக்கிற அக்காவுக்கு இல்லை. அவர் பழைய பாமினி எழுத்துருவில் பழகியவர். பாமினியில் 'கொ' என்று அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. கண்ணில் தெரிகிற ஒழுங்கு. யூனிகோட்டில் க முதல், அதன் பின்னால் உயிர்க்குறி ஒன்று. அந்த அக்கா பழக்கத்தில் கொம்பை முதலில் அடிப்பார், திரையில் புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பு அந்தரத்தில் நிற்கும், 'இது உடைஞ்ச சாமான்' என்று எழும்பிப் போய்விடுவார். அவர் எழும்பினால் அந்தப் பாடசாலையில் உங்கள் வழங்கலின் கதை முடிந்தது. தமிழ்99, ரெங்கநாதன், தட்டச்சு, ஒலிப்பு நாலும் ஏற்கனவே ஆயத்தமாகக் கிடைக்கின்றன, நீங்கள் ஒன்றும் எழுதத் தேவையில்லை. நாலையும் படத்தோடு காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றுகிற ஒரு கருவியும் மேசைத்திரையில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். வினாத்தாள் எல்லாம் அந்த எழுத்துருவில்தான் கிடக்கிறது.

9. பிரதி சரியா என்று பாருங்கள். 1994 ஒக்டோபரில் வந்த ஸ்லாக்வேர் 2.1 எழுபத்துமூன்று பிளொப்பி. நடுவில் ஒன்று பழுதென்றால் அந்தத் தொகுதி நிற்கும். உங்களுக்கு ஒரே டிரைவ், ஆனால் மலிவு டிரைவுகள் பொய் சொல்லும்: எழுதியதாகக் காட்டும், எழுதியிருக்காது. ஷா256 கூட்டெண்ணை ஒரு தாளில் அச்சடித்துக் கூடவே கொடுங்கள், எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடுகிற ஒரு சின்னக் கட்டளையையும் அதே தாளில் போடுங்கள்.

10. திறப்பை இரண்டு பேரிடம் கொடுங்கள்.

இயன் மேர்டொக் 1996இல் டெபியனைப் புரூஸ் பெரன்ஸிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். 2015இல் அவர் காலமானார். டெபியன் ஒரு நாளும் நிற்கவில்லை. ஸ்லாக்வேர் அப்படியில்லை, தொடக்கம் முதல் ஒரே ஆளின் தோளில். 2004இல் வோல்கர்டிங் கடும் சுகயீனமாகக் கிடந்தபோது உலகம் முழுக்க இருந்த பாவனையாளர்களுக்கு நெஞ்சு அடித்தது. நல்ல காலம், மனுசன் எழும்பிவிட்டார்.

உங்களில் இருவர் இறுதி வருசம். சோதனை முடிந்ததும் ஒருவர் கொழும்புக்கு, மற்றவர் கட்டாருக்கு என்று ஏற்கனவே பேச்சு அடிபடுகிறது. சேவையகத்தின் கடவுச்சொல்லும் வெளியீட்டில் கையொப்பமிடுகிற சாவியும் ஒருவருடைய மடிக்கணினியில் மட்டும் இருக்கின்றன. அந்த மடிக்கணினியின் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். இந்தச் சனிக்கிழமைக்குள், இரண்டாம் வருசத்தில் படிக்கிற ஒருவருக்கு அதைக் காட்டிக் கொடுங்கள். அவர் தனியாக ஒரு வெளியீட்டை முதலில் இருந்து கடைசிவரை செய்து காட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தும் கீபோர்ட்டில் கை வைக்க வேண்டாம்.